கீழ்ப்பக்கம் நின்று அளந்த மரங்கள்

அன்புள்ள நந்தா,

நீ விமானம் ஏற இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் இதைப் படித்துவிடுவாய் என்று நம்புகிறேன். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ இடையிடையே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் "சரிம்மா" விழுகிற இடங்களில் எனக்குத் தைரியம் போய்விடும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தவர் தலையை வெளியே நீட்டாமலே, "எழுதறதுன்னா எழுது. ரெண்டு பக்கத்துக்கு மேல போச்சுன்னா அவன் படிக்கமாட்டான்" என்றார். இது இரண்டு பக்கத்துக்கு மேல் போகும். ஊர்ப்புற நூலகத்தில் ஆயுளைக் கழித்தவளுக்கு, யாரும் படிக்காத பக்கங்களோடு வாழ்ந்து பழக்கம்தான்.

போன வாரம் வந்திருந்தபோது, சாப்பிட்ட தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கணினியைத் திறந்து, வெளிநாட்டுக் கூட்டத்தில் காட்டப்போகும் படங்களை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாய். நம் ஜவ்வாது மலை அதில் மிக அழகாக இருந்தது. இங்கேயே குடியிருக்கிற எனக்கே ஒருமுறை வந்து பார்க்கவேண்டும் போல் இருந்தது. வேகமாக வளரும் மரம், காற்றிலிருந்து அது உறிஞ்சும் கரி, வெட்டிய பிறகு பலகையாகவும் உத்தரமாகவும் அந்தக் கரி வீடுகளுக்குள் பூட்டிக் கிடப்பது, வெட்டிய இடத்தில் மறுபடியும் கன்று என்று எல்லாம் அம்புக்குறியோடு வட்டமாக வந்தது. வட்டத்தில் மனிதர் யாரும் இல்லை என்பதைக் கவனித்தேன். அடுத்த படத்தில் ஒரு மனிதர் வந்தார். முகத்தை மங்கலாக்கியிருந்தாய். கீழே "விவசாயி எண் 47" என்று இருந்தது. "இது இன்னாடா?" என்றேன். "இதுதாம்மா முக்கியம். ஏமாத்தறவங்கள நாங்க எப்டி கண்டுபிடிக்கிறோம்னு காட்டற எடம். கார்பன் வாங்கறவங்க இதத்தான் மொதல்ல கேப்பாங்க" என்றாய். முகத்தை மறைத்த உன் நிறுவனத்தின் நாகரிகத்தை மதிக்கிறேன். ஆனால் தோளில் கிடந்த பச்சைக் கட்டம் போட்ட துண்டை மறைக்க மறந்துவிட்டீர்கள். அந்தத் துண்டை நம் ஊர் நாய்களுக்குக்கூட அடையாளம் தெரியும். நீ மாமா என்று கூப்பிடுகிற பச்சையப்பன்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது, "மோர் ஊத்தட்டுமா?" என்பதுதான். இப்போது சொல்கிறேன். பச்சையப்பன் மரம் வெட்டவில்லை, மரத்தின் எண் தகட்டை மாற்றிக் கட்டவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. அவருடைய மரங்களை முதல் தடவை நான் தப்பாக அளந்தேன். தப்பு என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தின் விஷயம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அது எப்படி நடந்தது என்பதும், நீ இப்போது என்ன செய்யவேண்டும் என்பதும்.

திட்டம் வந்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். உன் நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். நல்ல மனிதர், காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வகுப்பறைக்குள் வந்தார். மலைவேம்பு நட்டால் ஏழெட்டு வருடத்தில் மரமாகும், நிற்கிற காலத்தில் புகையை உறிஞ்சும், அந்தக் கணக்கை வெளிநாட்டுக் கம்பெனிகள் வாங்குவதால் அதற்கு ஒரு தொகை வரும், வெட்டினால் மரத்துக்கும் விலை வரும், ஒன்று வெட்டினால் ஒன்று நடவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பச்சையப்பன் எழுந்து, "எந்த ஊரு புகை சார்?" என்றார். "உலகத்துப் புகைங்க ஐயா." "உலகத்துப் புகை இங்க எப்டி சார் வரும்? பஸ்ஸே ரெண்டு வேளதான் வருது." கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். ஆனால் முதல் ஆளாகக் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டவரும் பச்சையப்பன்தான். அவர் போட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போட்டார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே நிலத்தகராறு வந்தால் எல்லைக்கல் நட அவரைத்தானே கூப்பிடுவார்கள்? அவர் கல்லை வைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்படிப்பட்ட ஆள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தக் காகிதத்துக்கும் அந்த மரியாதை ஒட்டிக்கொள்கிறது. உன் நிறுவனம் இங்கே காலூன்றியது அந்தத் துண்டு போட்ட தோளின் மேல்தான் என்பதை, அவர்கள் கோப்பில் இல்லாததால், நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

கன்று நட்டு இரண்டாவது வருடம் மரங்களை அளந்து பதிவுசெய்ய உள்ளூர் ஆள் தேடினார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும், எந்த வீட்டு நாயும் குரைக்காது, ஓய்வுபெற்றுச் சும்மா இருக்கிறாள் என்ற மூன்று தகுதிகளில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நாள் பயிற்சி. கையில் ஒரு டேப், நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சி, படம் எடுக்க ஒரு ஃபோன், பூர்த்திசெய்ய ஒரு படிவம். குச்சியை மரத்தின் அடியில் நிறுத்தி, அதன் நுனி தொடுகிற இடத்தில் டேப்பைச் சுற்றவேண்டும். என் உயரம் உனக்குத் தெரியும். குச்சியின் நுனி என் கழுத்துக்குப் பக்கத்தில் வந்தது. உலகம் சூடாவதைத் தடுக்கிற வேலைக்கு என்னைவிட உயரமான ஆள் யாரும் முன்வரவில்லை. சரிவில் இருக்கிற மரத்துக்கு மட்டும் ஒரு விதி உண்டு: எப்போதும் மேல்பக்கம் நின்று, மேல்பக்கத்து மண்ணிலிருந்துதான் அளக்கவேண்டும். அந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும். பயிற்சியில் அதைத் திருப்பிச் சொல்லிப் பாராட்டும் வாங்கினேன்.

பச்சையப்பன் நிலம் எப்படிப்பட்ட சரிவு என்று உனக்குச் சொல்லவேண்டாம். சின்ன வயதில் நீ அதில் உட்கார்ந்தபடியே இறங்கி இரண்டு கால்சட்டையைத் தேய்த்திருக்கிறாய். அங்கே ஒவ்வொரு கன்றுக்கும் மேல்பக்கம் பாதிநிலா வடிவத்தில் குழி வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் ஓடிப்போகாமல் குழியில் நின்று வேருக்கு இறங்கும். நிறுவனம் சொன்ன முறைதான். குழியில் வேறு பயிர் எதுவும் வைக்கக்கூடாது என்றும் நிறுவனம் சொல்லியிருந்தது. அதைப் பச்சையப்பனின் மனைவி காசியம்மா கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, எல்லாக் குழியிலும் மொச்சை விதைத்தாள். ஈரம் நிற்கிற மண்ணைச் சும்மா விடுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. நான் அளக்கப்போனது மார்கழியில். மொச்சை முழங்கால் உயரம் வளர்ந்து, வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து, பிஞ்சு பிடித்துக்கொண்டிருந்தது. மேல்பக்கம் நிற்பதென்றால் அதன் மேல்தான் நிற்கவேண்டும்.

நான் வேறு ஊரில் பிறந்திருந்தால் நின்றிருப்பேன். சந்தவாசலில் வயற்காட்டுக்கு நடுவில் பிறந்தவள். பூத்து நிற்கிற பயிருக்குள் காலை வைத்தால் என் அப்பா செருப்பைக் கழற்றுவார். அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் கீழ்ப்பக்கம் போய், கரைக்கும் கீழே நின்று, அங்கிருந்து குச்சியை நிறுத்தினேன். குச்சியின் அடி மரத்தின் அடியைவிட ஒன்றரை முழம் கீழே இருந்தது. ஆகவே அதன் நுனியும் தொடவேண்டிய இடத்தைவிட அவ்வளவு கீழே தொட்டது. மரம் கீழே பருமன், மேலே போகப்போக ஒல்லி. நான் சுற்றியது பருமனான இடத்தில். மரத்துக்கு இரண்டு விரல், மூன்று விரல் கூடுதலாகப் பதிவானது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் கூடும் என்று தெரியும். "ரெண்டு விரல்ல உலகம் முழுகிடாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. படிவத்தில் "குழியில் வேறு பயிர் உள்ளதா?" என்று ஒரு கட்டம் இருந்தது. காசியம்மா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து பக்கத்திலேயே நின்றாள். "இல்லை" என்று எழுதினேன். அதுவும் மரியாதைக்குத்தான். மற்ற நிலங்களில் சரிவு குறைவு, குழியில் மொச்சையும் இல்லை, அங்கெல்லாம் விதிப்படியே நின்றேன். இரண்டு மரியாதைகளையும் ஒரே நிலத்தில் செய்து முடித்துவிட்டு, மோரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவை உனக்குத் தெரியும், ஆனால் உன் பக்கத்திலிருந்து. நீ படித்து முடித்தாய். அந்த நிறுவனத்திலேயே வேலை கிடைத்தது. அம்மாவின் கையெழுத்தைப் பார்த்து மகனுக்கு வேலை கொடுத்ததாக அந்த அதிகாரி வேடிக்கையாகச் சொன்னார். நான் அதைக் கணியம்பாடி வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் அளந்து இரண்டு வருடம் கழித்து, சித்திரை வெயிலில், மறுஅளவைக்கு மூன்று பையன்களோடு நீயே மலைக்கு வந்தாய். உன் முதல் பொறுப்பு என்று நானும் கூடவே வந்தேன். இடையில் ஒரு பருவம் மழை ஏமாற்றியிருந்தது. மரங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றனவே தவிர பெரிதாகப் பருக்கவில்லை. கோடையில் குழி காய்ந்து வெறுமையாகக் கிடந்தது. உன் பையன்கள் அதில் ஜம்மென்று நின்று, மேல்பக்கத்திலிருந்து, விதிப்படி அளந்தார்கள். ஒரு பையனின் கால் குழிக்குள் இருந்ததைப் பார்த்த அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது, நந்தா. நீ இன்னும் கணினியில் எண்ணைத் தட்டிக்கூட முடிக்கவில்லை.

"மாமா, இந்த மரம் போன தடவ நாப்பத்தொண்ணு. இப்ப முப்பத்தெட்டு. எப்டி மாமா?" என்று கேட்டாய். பச்சையப்பன் மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குச்சியைப் பார்த்தேன். "எளைச்சிப் போச்சோ இன்னாவோ நைனா. மழ இல்லியே" என்றார். உன் பையன்கள் சிரித்தார்கள். அடுத்த மரம், அதற்கடுத்த மரம், வரிசையாக எல்லாம் இளைத்திருந்தன. மரம் இளைக்காது என்பது நீ படித்த படிப்பு. ஆகவே நல்ல மரத்தை வெட்டி விற்றுவிட்டு அதன் எண் தகட்டைச் சின்ன மரத்தில் கட்டியிருக்கவேண்டும் என்று கணக்காக முடிவுக்கு வந்தாய். அடிக்கட்டை எங்கே என்று ஒரு பையன் கேட்டான். "தோண்டி எடுத்திருப்பாங்க" என்றான் இன்னொருவன். நீ அறிக்கை எழுதினாய். அன்றைக்கு இரவு என்னிடம், "கஷ்டமா இருக்கும்மா, மாமாவாச்சேன்னு. ஆனா வேலன்னு வந்துட்டா தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு பாக்கக்கூடாது இல்ல?" என்றாய். நேர்மையான பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையும் பொய்யில்லை. அது எதன் மேல் நிற்கிறது என்பதுதான் பிரச்சினை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நானும் இரண்டு வருடமாக என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். உன் முதல் அறிக்கை, அதை உன் அம்மாவே பொய்யாக்கவேண்டுமா என்பது ஒன்று. கீழே நின்றதைச் சொன்னால், ஏன் நின்றேன் என்று கேட்பார்கள், மொச்சையைச் சொல்லவேண்டும், மொச்சையைச் சொன்னால் "இல்லை" என்று எழுதியதைச் சொல்லவேண்டும் என்பது இன்னொன்று. இவற்றுக்குக் கீழே, எல்லாவற்றையும்விட அசிங்கமாக, பச்சையப்பனால் தாங்கிக்கொள்ள முடியும் என்று நினைத்தேன். பெரிய மனிதர், இதெல்லாம் அவரை என்ன செய்யும் என்று. நல்ல பெயர் உள்ளவர்களிடம் நாம் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். அவர்களுடைய பெயரில் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் தெரியாது என்று.

தெரிந்தது. திட்டத்திலிருந்து நீக்கப்பட்டவர் பெயரைப் பொது இடத்தில் ஒட்டவேண்டும் என்று உன் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. நம் ஊரில் பொது இடம் என்றால் நூலகப் பலகைதான். ஓய்வுபெற்றாலும் சாவி என்னிடம்தானே இருக்கிறது. நானே பசை தடவி ஒட்டினேன். நேராக இருக்கிறதா என்று பின்னால் தள்ளி நின்று பார்த்தேன், நந்தா. அடுத்த மாதம் சுடுகாட்டுப் பாதையில் ஓர் எல்லைத் தகராறு வந்தது. கல் நடத் தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள். பச்சையப்பன் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எதிரில் யாரும் எதுவும் சொல்வதில்லை. உன் அப்பாவின் ஜீப்பில் அவர் ஏறினால் மட்டும் பின்சீட்டில் யாராவது ஒருவன், "பாத்து வண்டிய ஓட்டுண்ணே, டயரு எளைச்சிடப்போவுது" என்பான். உன் அப்பா ஒருநாள் வண்டியை நடுக்காட்டில் நிறுத்தி, அப்படிச் சொன்னவனை இறக்கிவிட்டுவிட்டார். அவருக்கு உண்மை எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் யாரை இறக்கிவிட்டிருப்பார் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

அட்லஸ் நினைவிருக்கிறதா? ஐந்தாம் வகுப்பில் நூலக அட்லஸிலிருந்து ஆப்பிரிக்காவைக் கிழித்துப் பட்டம் செய்துவிட்டு, கரையான் தின்றுவிட்டது என்றாய். கரையான் மற்ற கண்டங்களையெல்லாம் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவை மட்டும், அதுவும் ஓரம் பிசகாமல் தின்றிருந்தது. நான் அடிக்கவில்லை. ஒரு சீட்டில் உன் கையால் எழுதவைத்து அந்த இடத்தில் ஒட்டினேன்: "இந்தப் பக்கத்தைக் கிழித்தது நான்தான். சி. நந்தகுமார், ஐந்தாம் வகுப்பு." நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தச் சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக இந்த மலைப் பிள்ளைகள் ஆப்பிரிக்கா என்று திறந்தால் உன் பெயரைத்தான் படிக்கிறார்கள். போன வாரம் நீ கிளம்பிப் போன பிறகு, நூலகத்தைப் பெருக்கப் போனவள் அதை எடுத்துப் பார்த்தேன். உன் கையெழுத்து என்னுடையதைப் போலவே இருக்கிறது.

அன்றைக்கு மாலையே பச்சையப்பன் வீட்டுக்குப் போனேன். அங்கே வாணியம்பாடி மர வியாபாரி ஜாஃபர் பாய் நின்றுகொண்டிருந்தார். திட்டத்திலிருந்து நீக்கிவிட்டதால் மரங்கள் இப்போது பச்சையப்பனுக்குத்தான், வெட்டினாலும் கேட்பாரில்லை. மொத்தத்தையும் வெட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பாய்க்கு இஷ்டமே இல்லை. மரத்தைத் தட்டிப் பார்த்து, கட்டிப் பிடித்துப் பார்த்து, "இதுங்கள இப்போ வெட்டறது பாவம் பெரியவரே. பழப்பெட்டிக்குதான் ஆவும். ரெண்டு மூணு வருசம் வுடுங்க, பிளைவுட்டுக்கு ஆவும், கதவுக்கே ஆவும். அப்போ நானே வர்றேன், நல்ல வெல தர்றேன்" என்றார். பழப்பெட்டி என்றால் ஒரே சீசனில் அடுப்புக்குப் போகும். உள்ளே பூட்டிவைத்த கரி திரும்பப் புகையாகும். கதவென்றால் ஐம்பது வருடம். உன் படத்தில் அம்புக்குறி போட்டிருந்த அதே விஷயம்தான். உலகத்தைக் காப்பாற்ற வந்த நிறுவனம் கைவிட்ட மரங்களுக்காக, அவற்றை அறுத்து விற்பவர் மட்டும் வாதாடிக்கொண்டிருந்தார். பச்சையப்பன் கேட்கவில்லை. "வெட்டிட்டேன்னு ஊருக்கே நோட்டீசு ஒட்டிட்டாங்க பாய். வெட்டாமயே வாங்கின பேரு. வெட்டிட்டாவது வாங்கிக்கிறேன்" என்றார். தை பிறந்து மூன்றாம் நாள் லாரி வரும் என்று பேச்சு. பாய் அரைமனதாக மரங்களில் சிவப்புப் பெயின்டால் கோடு போட ஆரம்பித்தார்.

பாய் கீழே இறங்கிய பிறகு சொன்னேன். குச்சி, கரை, கீழ்ப்பக்கம், "இல்லை" என்று எழுதியது எல்லாவற்றையும். முழுதாக வரவில்லை, நடுவில் ஒருமுறை தண்ணீர் கேட்டேன். காசியம்மா சொம்பைக் கொடுத்துவிட்டு, "தெரியும் லைப்ரரி அக்கா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"கீழ நின்னு அளந்தீங்க இல்ல. அன்னிக்கே பாத்துக்கினுதான இருந்தேன். மொச்சய மிதிக்காம நிக்கிறாங்களே, நல்ல மனசுன்னு இவருகிட்டகூட சொன்னேன்."

"அப்ப அவன் வந்து கேட்டப்ப ஏன் சொல்லல?"

காசியம்மா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்து உதறித் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார். "நீங்க சொல்லல. செரி, பையனுக்கு மொத வேல, அதான் வாய மூடிக்கினு கீறாங்கன்னு வுட்டுட்டேன். நான் சொன்னா அவன் அம்மாவயே பொய்க்காரின்னு எழுதணும். அது அவனால ஆவுமா?" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. எல்லைக்கல் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்கிற அதே குரல். அவர் அன்றைக்கு என்னைப் பார்த்தது உதவி கேட்டு அல்ல, நந்தா. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். காசியம்மாதான், "எழுதுங்கக்கா. மொச்ச போட்டேன்னுதான எழுதுவீங்க? திருடினேன்னு இல்லியே" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். நான் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம். அம்மா சொன்னாள் என்று அறிக்கையை மாற்றினால் அது இன்னொரு தப்பு. உன் கணினியிலேயே சாட்சி இருக்கிறது. ஒவ்வொரு மரத்துக்கும் குச்சியோடு சேர்த்து நான் முதல் அளவையில் எடுத்த படங்களைத் திற. நாற்பத்தேழாம் எண்ணுடைய படங்களில் குச்சி கரைக்குக் கீழே நிற்கும். மேல் ஓரத்தில் ஊதா நிறத்தில் தெரிவது மொச்சைப் பூ. இத்தனை வருடமாக உங்கள் எல்லோர் கண்ணெதிரேயும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன் பிறகு மலைக்கு வா. ஒரே மரத்தைக் கீழே நின்று ஒருமுறை, மேலே நின்று ஒருமுறை அள. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே மரத்தில் கிடைக்கும்.

இதனால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிலத்தில் இப்படியென்றால் மற்ற நிலங்களில் எப்படி என்று உன் மேலதிகாரிகள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். நீ விற்கப்போகிற கரிக்கணக்கின் முதல் வரி முழுவதும் என் குச்சியால் எழுதியது. பயணம் தள்ளிப்போகலாம், நின்றுபோகலாம், அதைவிட மோசமாகவும் போகலாம். இந்தத் திட்டத்துக்கு நான் எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரம் நடுவதும், முற்றவிட்டு வெட்டுவதும், வெட்டியதை வீட்டுக்குள் வைப்பதும், திரும்ப நடுவதும் நல்ல காரியம்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது. நல்ல காரியத்துக்குள் நடக்கிற தப்பை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. மரத்தின் சுற்றளவை எழுதக் கட்டம் இருக்கிறது, அளந்தவர் எங்கே நின்றார் என்று எழுதக் கட்டம் இல்லை. அடுத்த படிவத்தில் அதைச் சேர்க்க முடிந்தால் சேர்.

வெளிநாட்டில் காட்டப்போகிற அந்தப் படத்தை நீக்கவேண்டாம். ஏமாற்றுபவர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று வாங்குபவர்கள் கேட்பார்கள் என்றாயே, இருக்கட்டும். முகத்தை மட்டும் மாற்று. என் படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நூலக அடையாள அட்டைக்கு எடுத்தது. மங்கலாக்கவேண்டாம்.

இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை நாளைக் காலை நூலகப் பலகையில் ஒட்டுகிறேன். பச்சையப்பன் பெயர் ஒட்டியிருந்த அதே இடத்தில், அதே பசையால். அதன் அடியில் ஒரு சீட்டும் இருக்கும்: "இந்த மரங்களைக் கீழ்ப்பக்கம் நின்று அளந்தது நான்தான்." பெயரும் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வகுப்புதான் எழுதத் தெரியவில்லை. உனக்கு முன்னாலேயே ஊர் படித்துவிடும், அதற்காகக் கோபித்துக்கொள். ஒரு வாரம் பேசாமல்கூட இரு. ஆனால் அந்த ஒரு வாரத்தைத் தை மூன்றாம் தேதி தாண்டிப் போகவிடாதே.

குச்சியை வாசலில் சாத்தி வைத்திருக்கிறேன். நேற்று அந்தச் சரிவுப் பக்கம் போய்ப் பார்த்தேன். மார்கழி, நல்ல ஈரம். எல்லாக் குழியும் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. காசியம்மா இந்த வருடம் மொச்சை போடவில்லை. மேல்பக்கம் தாராளமாக நிற்கலாம்.

உன் அம்மா